பத்து வயசுக்கு எந்த ஏர் ரைஃபிள்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் துப்பாக்கிச் சுடுதலில் மட்டும் இந்தியாவுக்கு 3 வெண்கலம் கிடைத்தது. அதிலிருந்து எனக்கு வரும் போன்களின் போக்கே மாறிவிட்டது. “ஏனுங்க, பையனுக்கு ஒரு ஏர் ரைஃபிள் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கறேன். எதுங்க நல்லாருக்கும்?” பையனுக்கு என்ன வயசு என்று கேட்டால் ஒன்பது, பத்து என்கிறார்கள். ஏழு என்றவர்களும் உண்டு.

சனி, ஞாயிறுகளில் கோவையில் ஒரு ரைஃபிள் கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்தாசையாக நிற்பவன் நான். அதனால் ஒரு மாடல் பெயரும் விலையும் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நானோ பிள்ளையின் உயரம் என்ன, எடை என்ன, சொன்ன பேச்சைக் கேட்குமா, சோத்தாங்கைப் பழக்கமா பீச்சாங்கையா என்று ஆரம்பித்துவிடுவேன். தையல்கடையில் அளவு எடுக்கிற மாதிரி கேக்கறீங்களே என்று ஒருவர் சிரித்தார். அதேதான். பெரியவர்களின் ரைஃபிளை வாங்கி, “வளந்தா சரியாயிடும்” என்று பிள்ளை கையில் கொடுப்பதுதான் இந்த விளையாட்டில் நடக்கிற பெரிய அநியாயம். ‘எவ்வளவு வேகமா அடிக்கும்’ என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ‘இந்தப் பிள்ளையின் தோளுக்கும் கன்னத்துக்கும் விரலுக்கும் பொருந்துமா’ என்பதுதான் முதல் கேள்வி. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில், எதற்கு?

நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தொட்ட முதல் ஏர் ரைஃபிள் மெரினாவிலோ தேர்த்திருவிழாவிலோ பலூன் சுடும் கடையில் இருந்ததுதான். கடைக்காரர் குழலைத் தொடையில் அமுக்கி மடக்குவார், பெல்லட்டைக் கட்டைவிரலால் திணிப்பார், டக்கென்று நிமிர்த்திக் கையில் தருவார். பலூன் வெடித்தால் கை தட்டல். அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை அங்கே செய்தது டிரிகரை இழுத்தது மட்டும்தான். மடக்கியது, ஏற்றியது, யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டது எல்லாம் கடைக்காரர். வீட்டுக்கு ஒரு ரைஃபிள் வந்தால் கடைக்காரரின் வேலை முழுவதும் அப்பா, அம்மா தலையில் விழும்.

இன்னொரு கூட்டம் தோட்டத்தில் குருவி, கொக்கு, அணில் அடிக்க வாங்குகிறது. அவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை. ஏர் கன்தானே என்ற சலுகையெல்லாம் இல்லை. அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் ஏர் கன்களை ஒப்படைக்கச் சொல்லி அரசு ஓர் இயக்கமே தொடங்கியது. பறவைகள் அந்த அளவுக்குக் குறைந்துபோயிருந்தன. கிராமத்து மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்த துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. பத்து வயசுப் பிள்ளையின் முதல் இலக்கு உயிருள்ளதாக இருந்தால், பிறகு காகித அட்டையில் அதன் மனசு நிற்காது.

மூன்றாவது, அட்டை இலக்கு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984 முதல் ஒலிம்பிக்ஸில் இருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். 2012 லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். உலகக் கோப்பைகளில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர். பாரிஸில் அர்ஜுன் பாபுதா 4ஆம் இடத்தில் நின்று பதக்கத்தை நூலிழையில் விட்டதும் இதே போட்டியில்தான்.

அந்த அட்டையை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மொத்த வட்டமும் குறுக்கே 45.5 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் பத்துக்கான புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். அதாவது புள்ளியைவிட ஒன்பது மடங்கு அகலமான ஈயத்துண்டின் விளிம்பாவது அந்தப் புள்ளியைத் தொட வேண்டும். இதற்கு வேகம் தேவையில்லை. ஒலிம்பிக் ரைஃபிளின் பெல்லட் வினாடிக்கு சுமார் 170 மீட்டரில்தான் போகிறது. பெட்டியில் அதைவிடக் கூடுதல் வேகத்தை அச்சடித்து விற்கும் மலிவுத் துப்பாக்கிகள் கடையில் நிறைய உண்டு. அவற்றுக்கு அந்த எண் விளம்பரம், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மில்லிமீட்டருக்குள், அதாவது .177க்குள், இருந்து, வெளிவரும் ஆற்றலும் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். இதில் ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். .22 ஏர் ரைஃபிளை “இது கொஞ்சம் பவர் ஜாஸ்திங்க” என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள். லைசென்ஸ் தேவைப்படாததற்கும் கடைக்காரர் வாங்குபவரின் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வாங்கிக்கொண்டுதான் பில் போட வேண்டும். ரைஃபிள் பெரியவர் பெயரில்தான். அந்த பில்லின் நகலை ரைஃபிள் பையிலேயே வையுங்கள். கிளப்புக்குப் போகிற வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்டால், இரண்டு நிமிஷத்தில் முடிகிற விஷயம் இரண்டு மணி நேரமாகாது.

ஸ்பிரிங்கா, சிலிண்டரா?

கடைகளில் அதிகம் கிடைப்பது ஸ்பிரிங் வகை. குழலைக் கீழே மடக்கினால் உள்ளே ஒரு தடித்த ஸ்பிரிங் சுருங்கி நிற்கும். டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அமுக்கி பெல்லட்டைத் தள்ளும். விலை குறைவு, பம்ப் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். பெரியவர்கள் பழக நல்ல பொருள்தான். பத்து வயசுக்கு மூன்று சிக்கல்.

ஒன்று, மடக்கும் பலம். பெரியவர்களுக்கான பல மாடல்களில் பதினைந்து இருபது கிலோவைத் தூக்குகிற அளவு அழுத்த வேண்டும். பிள்ளை அதைச் செய்ய முயலும்போது குழல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. இரண்டு, பாதி மடக்கும்போது கை நழுவினால் குழல் திரும்பி வந்து அடிக்கும். விரல் நடுவில் இருந்தால் எலும்பு முறியும். மூன்றாவது, பிஸ்டன் பாய்கிற அதிர்வில் பெல்லட் குழலைவிட்டு வெளியே வருவதற்குள் ரைஃபிள் முன்னும் பின்னும் ஒரு ஆட்டம் ஆடிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடத்தில் படும், தளர்த்திப் பிடித்தால் வேறு இடத்தில். “நான் சரியாத்தான் வெச்சேன் மாமா, ஏன் வெளிய போகுது?” என்று பிள்ளை கேட்கும். அது சொல்வது நிஜம். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத கருவியில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

பிசிபி என்கிற வகையில் காற்று முன்கூட்டியே சிலிண்டரில் அடைக்கப்பட்டிருக்கும். போட்டி ரைஃபிள்களில் பொதுவாக 200 பார் அழுத்தம் வரை. அதிர்வு கிட்டத்தட்ட இல்லை. ஒரு சின்ன நெம்புகோலைத் திறந்து பெல்லட்டை வைத்து மூடினால் போதும். பிள்ளைக்குப் பலமே தேவையில்லை. இன்றைக்குச் சர்வதேசப் போட்டிகளில் எல்லோர் கையிலும் இருப்பது இந்த வகைதான். கஷ்டம் எங்கே என்றால் காற்று நிரப்புவதில். கைப்பம்பில் 200 பார் ஏற்றுவது பெரியவருக்கே நல்ல உடற்பயிற்சி. கிளப்பில் பெரிய சிலிண்டர் இருந்தால் கவலை இல்லை. பழைய ரைஃபிள் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரில் பொறித்த தேதியை. பொதுவாகப் பத்து வருஷம்தான் அதன் ஆயுள். காலாவதியான சிலிண்டரோடு வருகிற ரைஃபிள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சிஓ2 குப்பி போட்டுச் சுடுகிறவை உண்டு. வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். காலையில் பட்ட இடத்தில் மத்தியானம் படாது. இரும்புக் குண்டு போடும் பிபி துப்பாக்கிகளைப் பொம்மை என்று நினைத்து வாங்காதீர்கள். ஈய பெல்லட் மோதினால் நசுங்கும். இரும்புக் குண்டு மோதிய வேகத்தில் திரும்பி வரும், பெரும்பாலும் சுட்டவர் முகத்தை நோக்கி.

சரி, எட்டு ஒன்பது வயசு என்றால்? ஜெர்மனியைப் பாருங்கள். வால்தர், ஆன்ஷூட்ஸ், ஃபெயின்வெர்க்பாவ் என்று உலகம் முழுக்கச் சுடுகிற ரைஃபிள்களைச் செய்கிற நாடு. அங்கே 12 வயது நிறையாத பிள்ளைகளுக்குக் கிளப்பில் பொதுவாக ஏர் ரைஃபிள் தருவதில்லை. பெல்லட்டுக்குப் பதில் ஒளிக்கற்றையை விடும் ரைஃபிளில் பழக்குகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் மாடர்ன் பென்டத்லானிலேயே லேசர் பிஸ்டல்தான் பயன்பட்டது. ஆகவே லேசர் என்றால் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க வேண்டியதில்லை. நிற்பது, மூச்சு, குறி, டிரிகர் எல்லாம் அதில் வந்துவிடும்.

பொருந்துகிறதா?

பத்து வயசுப் பிள்ளை சுமார் 30 கிலோ இருக்கும். போட்டி விதிப்படி ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். பெரியவர்களுடையது பலதும் நாலரை, ஐந்து கிலோவில் இருக்கும். 30 கிலோ உடம்பில் 5 கிலோ என்பது ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ இருக்கும் நீங்கள் 10 கிலோ அரிசி மூட்டையை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிற கணக்கு அது. நின்று சுடும்போது முதுகை லேசாகப் பின்னால் வளைத்து, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றித்தான் பாரத்தைத் தாங்குகிறோம். வளர்கிற முதுகுத்தண்டுக்கு இது வேண்டாத சுமை. ஜூனியர் மாடல்கள் எடை குறைந்தவை. அப்படியும் முதல் சில மாதம் மேஜைமேல் ஸ்டாண்டில் ரைஃபிளைத் தாங்க வைத்து, உட்கார்ந்தோ நின்றோ சுட வைப்பதுதான் முறை.

அடுத்தது, தோளில் வைக்கிற கட்டையின் நீளம். கட்டையின் பின்நுனியை முழங்கை மடிப்பில் வைத்து, கையை முன்னால் நீட்டினால் ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரில் உட்கார வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் கட்டை நீளம். கடையிலேயே ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம், பிள்ளையைக் கூட்டிப்போனால். பிள்ளைக்குத் தெரியாமல் பிறந்தநாளுக்கு வாங்கி ஒளித்து வைக்கிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று கிளப்பில் அடிக்கடி பார்க்கலாம். ஒரு பொண்ணு ஸ்டாண்டில் வைத்த ரைஃபிளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறாள். தலை பின்னால் சாய்கிறது, கன்னம் கட்டையைத் தொடவே இல்லை. கோச் வந்தார். ஒன்றும் பேசாமல் அவள் கையிலிருந்து ரைஃபிளை வாங்கி, கட்டையின் பின்னால் இருந்த இரண்டு திருகைத் தளர்த்தி, நடுவில் இருந்த தகடுகளை உருவி எடுத்தார். கன்னம் வைக்கிற பகுதியை ஒரு விரற்கடை உயர்த்தி இறுக்கினார். “இப்ப வெய்யி சாமி.” கன்னம் தானாகப் போய் உட்கார்ந்தது. “என்ன தெரியுது?” “வட்டத்துக்குள்ள வட்டம் சார். அதுக்குள்ள கறுப்பு.” “அவ்வளவுதான். அந்தக் கறுப்பச் சுத்தி வெள்ளை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கா? இருந்தா மெதுவா அமுத்து.” அட்டையில் அதுவரை சிதறிக் கிடந்த ஓட்டைகள் அன்றைக்கே ஒரு மூலையில் கூட ஆரம்பித்தன. நடுவில் இல்லை, ஓரத்தில்தான். ஆனால் ஒரே இடத்தில். சைட்டைத் திருகி நடுவுக்குக் கொண்டுவருவது சுலபம். ஒரே இடத்தில் விழ வைப்பதுதான் வேலை.

அதனால் வாங்கும்போது கேட்க வேண்டியது: கட்டையின் நீளம் மாறுமா? கன்னம் வைக்கும் உயரம் மாறுமா? பீச்சாங்கைப் பிள்ளைக்கும் ஆகுமா? கையைவிடக் கண்தான் முக்கியம். இரண்டு உள்ளங்கையையும் நீட்டி நடுவில் சின்ன முக்கோணம் விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் நகராமல் இருக்கிறதோ அதுதான் குறிபார்க்கும் கண். வலது கைக்காரப் பிள்ளைக்கு இடது கண் ஓங்கியிருப்பது அபூர்வமில்லை. அதை முதல் நாளே தெரிந்துகொண்டால் கோச் அதற்கேற்ப வழி சொல்லுவார்.

டிரிகர், சைட், பெல்லட்

டிரிகர் விறைப்பாக இருந்தால் பிள்ளை விரலால் இழுக்காது, முழுக் கையால் இழுக்கும்; ரைஃபிளே திரும்பிவிடும். போட்டி ரைஃபிள்களில் டிரிகரை நூறு கிராமுக்கும் கீழே வைக்கலாம். புதுப் பிள்ளைக்கு அவ்வளவு லேசு வேண்டாம், எதிர்பாராமல் வெடித்துவிடும். நடுத்தரமாக வைத்துப் பழகிய பிறகு குறைக்கலாம்.

டெலஸ்கோப் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள், சினிமா உபயம். மலிவான டெலஸ்கோப் பலதும் 10 மீட்டரில் மங்கலாகத்தான் தெரியும், எடை வேறு. நம் தேசிய அளவிலான போட்டிகளில் சாதாரண ஓப்பன் சைட்டுக்குத் தனிப் பிரிவு, துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்டுக்குத் தனிப் பிரிவு இருக்கின்றன. எதில் தொடங்கினாலும் சரி. பீப் சைட்டில் வட்டத்துக்குள் வட்டம் என்பதால் சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

பெல்லட் தலை தட்டையாக இருப்பதை வாங்குங்கள். காகிதத்தில் பஞ்ச் அடித்ததுபோல் சுத்தமான வட்ட ஓட்டை விழும், மதிப்பெண் பார்க்க எளிது. அது ஈயம். பலூன் கடைகளில் சிலர் பெல்லட்டை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பதைப் பிள்ளை பார்த்திருக்கும். அது விஷம் என்று சொல்லிவிடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் முறுக்கோ பிஸ்கட்டோ.

வீட்டில் சுடலாமா?

மொட்டை மாடியில் கூடாது. இதில் பேச்சே இல்லை. தவறிய பெல்லட் பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்மேல் படும். கண்ணில் பட்டால் பார்வை போகும். கிட்டத்திலிருந்து பட்டு உயிர் போன சம்பவங்களும் உண்டு. 10 மீட்டர் நேர் நீளமும், நடுவில் கதவு திறக்காத இடமும், பின்னால் பெல்லட்டைப் பிடிக்கிற இரும்புப் பெட்டியும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். பிந்த்ராவின் அப்பா மகனுக்கு வீட்டிலேயே ஒரு ரேஞ்ச் கட்டிக் கொடுத்தார். நமக்குக் கிளப் இருக்கிறது.

வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடியது டிரை பிராக்டிஸ். பெல்லட் இல்லாமல், சுவரில் ஒரு புள்ளி ஒட்டி, நின்று, குறிபார்த்து, டிரிகரை அமுத்துவது. போட்டி ரைஃபிள்களில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கும். ஸ்பிரிங் ரைஃபிளில் இதைச் செய்யக்கூடாது. பெல்லட் இல்லாமல் பிஸ்டன் மோதி உள்ளே கெடும். இதுவும் ஸ்பிரிங் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம்.

தீபாவளித் துப்பாக்கியில் ரோல் கேப் போட்டு அண்ணனைச் சுடுவதும் அத்தையைச் சுடுவதும் நம் வீடுகளில் சிரிப்பு. அந்தப் பழக்கம் கையில் ஊறியிருக்கும். ஆகவே முதல் பாடம் சுடுவது அல்ல: குழல் எப்போதும் இலக்கின் பக்கம், குறிபார்க்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே, காலி என்று தெரிந்தாலும் லோடு ஆனதாகவே நினைக்க வேண்டும், “ஸ்டாப்” என்று சத்தம் கேட்டால் அந்த நொடியே கீழே. ரேஞ்சில் சுடாத ரைஃபிளின் குழலில் நீளமான பளிச்சென்ற கலர் கயிறு ஒன்று முனைவரை செருகியிருக்கும், காலி என்பதற்கு அடையாளமாக. வீட்டிலும் அதே பழக்கம். ரைஃபிள் பூட்டின அலமாரியில், பெல்லட் வேறு அலமாரியில், சாவி பெரியவரிடம். கண்ணாடி போடாத பிள்ளைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி.

அப்படியானால் எதை, எப்போது?

எட்டு வயசுக்குக் கீழே என்றால் எதுவும் வேண்டாம். எட்டிலிருந்து பத்து வரை, கிடைத்தால் லேசர். இல்லையென்றால் கிளப் ரைஃபிள், மேஜை, ஸ்டாண்டு, பக்கத்தில் கோச். பத்துக்குமேல், “ஸ்டாப்” என்றால் நிற்கிற பிள்ளை என்று கோச்சே சொன்னால், கிளப்பின் ஜூனியர் ரைஃபிளில் ஓர் ஆறு மாதம். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையே உங்களை எழுப்பினால் சொந்தமாக ஒன்று. ஜெர்மன் ரைஃபிள்கள் லட்சங்களில். பிரெசிஹோல் போன்ற இந்திய நிறுவனங்கள் செய்வது அதைவிட எவ்வளவோ குறைவு, பழகப் போதும். விறைப்பான ஜாக்கெட், பேன்ட் எல்லாம் வளர்ச்சி நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லேட்டாகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பாரிஸில் பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கிய தென்கொரியாவின் பான் ஹியோ-ஜினுக்கு அப்போது வயசு 16. அவர் துப்பாக்கியைத் தொட ஆரம்பித்தது 2021இல்தான். பத்து வயசில் வாங்கிக் கொடுக்காததால் யாருடைய பதக்கமும் போய்விடாது.

பிள்ளை வளரும், இரண்டு மூன்று வருஷத்தில் கட்டையில் இருக்கிற எல்லாத் தகடும் சேர்த்தாலும் போதாமல் போகும். அப்போது ரைஃபிளை அலமாரியில் நினைவுப்பொருளாக வைக்காதீர்கள். பில்லோடு, முறைப்படி எழுதிக் கொடுத்து, கிளப்பில் அடுத்து நிற்கிற பிள்ளையின் வீட்டுக்கு விற்றுவிடுங்கள். அவர்களும் வாங்கும் முன் கட்டையை முழங்கை மடிப்பில் வைத்துப் பார்க்கட்டும்.